எங்க நோகுது?

எனக்கு நோர்வே மொழியில் நாற்பது சொற்கள் தெரியும். அந்த மொழியில் வணக்கம் சொல்லத் தெரியாது, குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. முழங்கை தெரியும், கணுக்கால் தெரியும், ஈரல் தெரியும். கழுத்துக்கும் தொண்டைக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான், ஹல்ஸ் என்பது தெரியும். ஷார்ஜா தொழில்பேட்டையில் எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில், எனக்கு எதிர்க்கட்டிலில் இருந்தவர் மூன்று வருடம் இவற்றை வாய்விட்டுப் படித்தார். கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடமாயிற்று.

அவரை நாங்கள் அண்ணை என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மற்ற ஏழு பேரும் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம். கட்டடங்களுக்குக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் செய்யும் கம்பெனி அது. நான் கட்டிங் மெஷினில் நின்றேன். அவர் ஸ்டோர் கீப்பர். ஒல்லியான ஆள், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஜூலை மாத வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். காதில் பென்சில் இருக்கும். அந்தப் பென்சிலை அவர் சீவுகிற அழகுக்கே இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அவரிடம் போய் "அண்ணே, ஒடம்பு சரியில்ல" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"உடம்பு எண்டா எது?" என்பார்.

"கை வலிக்குதுண்ணே."

"கை எண்டா? எங்கட ஆக்களுக்குத் தோள்மூட்டில இருந்து நகக்கண் வரைக்கும் கைதான். எந்த இடம், தொட்டுக் காட்டும்."

தொட்டுக் காட்டிய பிறகும் விட மாட்டார். குத்துகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா, விறைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வலிக்கு இத்தனை சொல் இருப்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான். நான் முதல்முறை "குறுக்கு வலிக்குது" என்றபோது அவருக்குப் புரியவில்லை. முதுகின் அடிப்பகுதியைத் தட்டிக் காட்டினேன். "அட, நாரியோ!" என்றார். அவர் உதட்டைச் சொண்டு என்பார். "கிளிக்குத்தானே சொண்டு" என்று அறையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் நாரிக்குப் பக்கத்தில் குறுக்கு என்று எழுதியிருப்பார்.

அந்த நோட்டு நீளமானது, ஸ்டோர் நோட்டு. ஒரு பக்கம் தமிழ், நடுவில் இங்கிலீஷ், கடைசியில் நோர்வே. தமிழிலிருந்து நேராக நோர்வேக்குப் போக அவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. அவர் மனைவி அங்கிருந்து அனுப்பியது ஒரு இங்கிலீஷ் - நோர்வே அகராதி. அதனால் முதலில் இங்கிலீஷில் ஒரு சொல்லைப் பிடித்து, அதைக் கொண்டுபோய் நோர்வேயில் சேர்ப்பார். குளியலறை வரிசையில் நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி, "க்னே, க்னே" என்று முழங்காலைத் தட்டுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலைப் பிடித்தபடி "தோ, தோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால் விரலுக்கு அவர்கள் மொழியில் அதுதான். டீ போடுகிற பட்டாணியர் இந்தியில் இரண்டு என்று எடுத்துக்கொண்டு, இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

சொற்கள் தீர்ந்த பிறகு சொல்வழக்குகளுக்குப் போனார். அதில்தான் எங்களுக்கும் சுவாரசியம் வந்தது. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு பொருள் விலை அதிகமென்றால் ஒரு கையும் ஒரு காலும் போயிற்று என்பானாம். நோர்வேக்காரன் சட்டை போயிற்று என்பானாம். "பாருங்கோ, உடம்பைக் குடுக்கிறதுக்கு அவன் விருப்பமில்லை, சட்டையோட முடிச்சிட்டான்" என்றார். பதறாமல் பொறுத்திருக்கிறவனை, வயிற்றில் ஐஸ் வைத்திருக்கிறான் என்பார்களாம். "நாங்கள் வயித்தில நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறம். அவங்கள் ஐஸ் வச்சிருக்கிறாங்கள். குளிர் நாட்டில அவனுக்கு அதுதானே கிடைக்கும்" என்றார் ஒரு நாள்.

அவர் துள்ளிக் குதித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. பயந்து ஓடுகிறவனை இங்கிலீஷில் குதிகாலை வைத்து ஏதோ சொல்கிறார்கள். அதை நோர்வேயில் தேடியிருக்கிறார். கால்களைத் தூக்கிப் பிடரியில் போட்டுக்கொண்டான் என்று அகராதியில் இருந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பின்னங்கால் பிடரியில பட ஓடினான் எண்டு நாங்கள் சொல்லுறதுதானே? அப்பிடியே இருக்கு! இங்கிலீஷ்காரன்தான் நடுவுக்கை நிண்டு குழப்புறான். எங்களுக்கும் அவங்களுக்கும் நேராப் பொருந்துது!"

மெஷின் இரைச்சலில் அவர் கத்தியது எனக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் படிப்பு எதற்கு என்று முதலில் எங்களுக்குத் தெரியாது. மனைவியும் மகளும் நோர்வேயில் இருக்கிறார்கள், இவரும் போகப் போகிறார், அதற்காக மொழி படிக்கிறார் என்று நினைத்தோம். அப்படியென்றால் கடைத்தெருவில் பேசுகிற மொழியை அல்லவா படிக்க வேண்டும், கல்லீரலையும் மண்ணீரலையும் ஏன் படிக்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். ஸ்டோரில் ரப்பர் சுருள்களை அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

சண்டைக் காலத்தில் மனைவியின் அண்ணன் உதவியோடு அவளும் பிள்ளையும் கொழும்பு வழியாக நோர்வே போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைக்கு அப்போது இரண்டரை வயது. இவர் வளைகுடாவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மாலையில் இவர் போன் செய்வார். அங்கே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் நேரம். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளை தனியாக இருப்பாள் என்பதால்தான் அந்த நேரத்தில் பேசுவார். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, போனை எடுத்ததும் அழுதாள்.

"என்னம்மா எண்டு கேட்டன். அவளுக்குத் தமிழ் வடிவாத் தெரியும் தம்பி. ஆனா அழேக்க தமிழ் வரேல்லை. பெய்னெ, பெய்னெ எண்டுறாள். நான் இங்கிலீஷில பெயின் எண்டு நினைச்சன். நோகுதாக்கும், சரி. எங்கயம்மா பெயின் எண்டு கேக்கிறன். அவள் திருப்பியும் பெய்னெ எண்டுறாள். நான் எங்க எங்க எண்டு கத்துறன். அவள் பயந்துபோய் இன்னும் கத்துறாள். அப்பிடியே போன் காட் முடிஞ்சு போச்சு."

பெய்ன் என்றால் நோர்வேயில் கால். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கால் எலும்பு முறிந்திருந்தது. இழுத்து இழுத்து மாடியேறி வந்து போனை எடுத்திருக்கிறாள், அப்பாவாகத்தான் இருக்கும் என்று.

"அவள் எங்க நோகுது எண்டு சரியாத்தான் சொன்னவள். எனக்குத்தான் விளங்கேல்லை" என்றார். பிறகு ரப்பர் சுருளை எடுத்து, அடுக்கியதையே திரும்ப அடுக்கினார்.

எங்கள் கம்பெனி வைத்திருந்த கிளினிக்கின் டாக்டர் எகிப்துக்காரர். அவருக்கு இந்தியும் தெரியாது, தமிழும் தெரியாது. முன்பெல்லாம் யாராவது இந்தி தெரிந்தவன் கம்பவுண்டரிடம் சொல்லி, கம்பவுண்டர் அரபியில் சொல்லி, முட்டிவலி தலைவலியாகி மாத்திரை வரும். அண்ணை துணைக்குப் போக ஆரம்பித்த பிறகு அது மாறியது. ராமநாதபுரத்து மூக்கையா நெஞ்சு கரிக்கிறது என்றபோது கம்பவுண்டர் வாயு என்று எழுதிவிட்டார். அண்ணை போகவிடவில்லை. கரிக்குதோ, பிசையுதோ, அடைக்குதோ என்று நடுவாசலில் நிறுத்திக் கேட்டார்.

"ஸ்க்ரூவ வச்சு முறுக்குற மாதிரி இருக்குண்ணே. மாடி ஏறுனா கூடுது. இடது கையில சுண்டு விரல் வரைக்கும் இழுக்குது" என்றான் மூக்கையா.

அண்ணை உள்ளே திரும்பிப் போய் அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், இங்கிலீஷில் சொன்னார். அரைமணி நேரத்தில் மூக்கையா ஆம்புலன்ஸில் இருந்தான். பிழைத்தான். உடல்தகுதி இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுக்க, அவனை ஊருக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பதையே விட்டுவிட்டார். அண்ணையின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். அவர் சொல்வதுதான் பேச்சு.

மூக்கையா ஊருக்குப் போனதில் எங்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. துபாயில் ஒரு பெரிய கோபுரத்துக்குக் கண்ணாடி போடும் வேலை அப்போது கம்பெனிக்கு வந்திருந்தது. அது முடியும்வரை ஒருவனுக்கும் லீவு இல்லை. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் மானேஜர் அறையில் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. கல்யாணமென்றாலும் சாவென்றாலும் அது திறக்காது. சைட்டில் ஒருவன் விழுந்து செத்துவைத்தால் தொல்லை என்பதால், டாக்டர் சீட்டுக்கு மட்டும் திறக்கும். வேலை ஒரு வருடம் என்றார்கள். இரண்டாவது வருடமும் ஓடிக்கொண்டிருந்தது. சட்டங்களை ஏற்றிக்கொண்டு லாரியில் சைட்டுக்குப் போகும்போது அந்தக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். மாடி கூடிக்கொண்டே போகும். ஏறுகிற ஒவ்வொரு மாடிக்கும் நாங்கள் வயிறெரிந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி போன் செய்தான். அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, என் பேரை மட்டும் குழறுகிறார் என்றான். மானேஜரிடம் போனேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அறைக்கு வந்து அண்ணையின் காலடியில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, என் குறுக்கு போயிருச்சுன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு எழுதிருவாரு."

"உமக்கு நோகுதோ?"

"நோகலண்ணே. அப்பாவப் பாக்கணும்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். மறுநாள் என்னோடு வந்தார். சம்மதித்துவிட்டார் என்றே நினைத்தேன். டாக்டர் முன்னால் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன். "முதுகு வலிக்கிறது என்று இவர் சொல்கிறார்" என்று அண்ணை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு உயரத்தில் கத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் அண்ணையைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது எல்லாம். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

"எனக்குத் தெரியாது, டாக்டர்" என்றார் அண்ணை.

தடவிக்கொள்ள ஒரு களிம்பு கிடைத்தது. பதினெட்டாம் நாள் அப்பா இறந்துபோனார். செய்தி வந்தபோது நான் மெஷினில் நின்றேன். கையில் இருந்த சட்டத்தை வெட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"உம்மட உடம்பு சொல்லாததை நான் எப்பிடிச் சொல்லுறது" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். அதன் பிறகு நான்கு மாதம் எதிரெதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு அவரோடு பேசாமல் இருந்தேன். தினமும் காலையில் என் டீயை எடுத்துவந்து தலைமாட்டில் வைப்பார். நான் தொட மாட்டேன். ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போவார். மறுநாளும் வைப்பார்.

அந்த நான்கு மாதத்தில் அவருக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தோடு சேர அனுமதி வந்து வெகுநாள் ஆகிவிட்டது. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் நோர்வே தூதரகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துப் பார்த்தார். கோபுரம் முடியட்டும் என்றார்கள். அவர் நாட்டுத் தூதரகத்துக்கு எழுதினார். கம்பெனியோடு பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிப் பதில் வந்தது. சொல்லாமல் ஓடிவிடலாம் என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே போவது? அறையில் எல்லாரும் சொன்னதுதான்: "டாக்டர்கிட்ட நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஒங்களச் சோதிச்சுக்கூடப் பாக்கமாட்டாரு."

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை நேரம். பட்டறை அடைத்திருந்தது. பின்புறம் கண்ணாடிப் பலகைகள் அடுக்கியிருக்கும் நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, ஒரு விசயம் கேக்க வேணும். உமக்காகச் சொல்லாததை நான் எனக்காகச் சொல்லலாமெண்டு நினைக்கிறன். நீர் சரியெண்டு சொன்னாத்தான் போவன்."

நான்கு மாதமாகப் பேசாத வாய். அடக்கிவைத்தது எல்லாம் வந்துவிட்டது.

"எங்கப்பாவுக்கு வராத பொய்யி ஒங்க மகளுக்கு வருதோ?"

"ஓம். வருது. அதுதான் உம்மட்டக் கேக்கிறன்."

"நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"சரி" என்றார். போய்விட்டார்.

நான் சொன்னதற்காக ஒருவர் உண்மையிலேயே போகாமல் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தில் சொல்வது, அவர் போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மாலையில் அகராதி பிரிக்காமல் கட்டிலின் மேலே கிடந்தது. குளியலறை வரிசையில் முழங்காலைத் தட்டுகிற சத்தம் இல்லை. அறையில் இத்தனை பேர் இருந்தும் ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. அந்த ஓசையை நான் எவ்வளவு நம்பிக்கொண்டிருந்தேன் என்பது நின்றபோதுதான் தெரிந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, மளிகைக்கடை வாசலில் போனுக்கு நின்றோம். எனக்கு முன்னால் அவர். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"அப்பா இந்த முறை வரேல்லையம்மா. ஒண்டுமில்லை, கொஞ்சம் வேலை. நீ வளந்தா வளந்துபோ, நான் அடையாளம் பிடிச்சிடுவன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபின் எனக்கு ஊருக்குப் பேசத் தோன்றவில்லை. வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மெஷினில் கட்டைவிரலை லேசாகக் கிழித்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான். கட்டுப்போட கிளினிக்குக்கு அனுப்பினார்கள். கட்டிய பிறகும் எழுந்திருக்காமல் இருந்தேன். டாக்டர் என்ன என்பதுபோலப் பார்த்தார். எனக்கு வாக்கியம் வராது. அண்ணையின் நோட்டில் நடுப்பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் மட்டும் வரும். ஸ்டோர் கீப்பர் என்று சொல்லிவிட்டு, நெஞ்சு என்றேன். மாடிப்படி என்றேன். இடது கை, சுண்டு விரல் என்று தொட்டுக் காட்டினேன். ஸ்க்ரூவை முறுக்குவதுபோலக் கையால் நெஞ்சில் முறுக்கிக் காட்டினேன். அவர் சொல்ல மாட்டார், மறைக்கிறார் என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாயைக் கையால் பொத்திக் காட்டினேன். எல்லாம் மூக்கையாவின் வலி. அண்ணை ஒரு சொல் கூட்டாமல் சொன்னதை நான் அப்படியே தூக்கி அண்ணையின் மேல் வைத்தேன்.

சாயங்காலம் டாக்டர் அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறதாமே?" என்றார் டாக்டர்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, வேண்டாமென்ற கெஞ்சலா என்று தெரியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எத்தனையோ பேருடைய வலியைச் சொன்னவர், தன்னைக் கேட்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவரைப் படுக்கவைத்து, எந்நேரமும் பூட்டியிருக்கும் அந்தக் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டினார். மெஷினிலிருந்து காகிதம் நீளமாக வந்தது. பாதியிலேயே டாக்டரின் முகம் மாறிவிட்டது. ரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு காகிதம் எடுத்தார்.

"இது எப்போது வந்தது?" என்று கேட்டார்.

"எது?"

"மாரடைப்பு. உங்களுக்கு ஒருமுறை வந்து போயிருக்கிறது. நீங்கள் கவனிக்கவில்லையா?"

அண்ணை எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெளியே வந்தபிறகு எனக்குத் தமிழில் சொன்னார்.

"போன வருசம் ஒருநாள் நெஞ்சை இறுக்கினது. வேர்த்துக் கொட்டினது. பிள்ளையோட கதைச்சிட்டு வந்த நேரம் அது. நான் அதைக் கவலை எண்டு நினைச்சிட்டன்."

தொழில்பேட்டை ரோட்டோரமாக நடந்தோம். லாரிகள் மண்ணை வாரியடித்துக்கொண்டு போயின. "எல்லாற்ற நோவையும் விசாரிச்சனான். என்ர நோவுக்குப் பிழையான பேர் வச்சிட்டன்" என்றார். நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது என்று சந்தோஷப்படுவதா, ஒரு மனிதனுக்கு நோயைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதுபோல நடுங்குவதா என்று தெரியவில்லை.

டாக்டர் சீட்டுக்கு இரும்பு அலமாரி திறந்தது. முத்திரை வாங்கி, ஷார்ஜா விசாவை ரத்து செய்து, அனுமதி தீர ஆறு நாள் இருக்கும்போது கிளம்பினார். அத்தனை நாளும் நான் தொடாத டீயை அன்று காலை அவரோடு உட்கார்ந்து குடித்தேன். வேன் வாசலில் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"உம்மட அப்பாட விசயம் திருப்பி வந்தா, நான் டொக்டரிட்டை எனக்குத் தெரியாது எண்டுதான் திருப்பியும் சொல்லுவன் போல இருக்கு. எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு தம்பி. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கவும் ஏலாமல் கிடக்கு."

"போயிட்டு வாங்கண்ணே" என்றேன்.

கோபுரம் முடிய இன்னும் பதினொரு மாதம் ஆனது. அதுவரை நானும் மற்றவர்களும் அங்கேதான் இருந்தோம். அவர் நோர்வேயில் நான்கு வருடம் இருந்து, ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார் என்று அவர் மனைவி பிற்பாடு எனக்குச் சொன்னார். அந்த நான்கு வருடத்தில் ஐந்தாறு முறை என்னோடு பேசியிருப்பார். அதில் எனக்கு மறக்காதது, அவர் போன இரண்டாம் மாதம், நான் புதிதாக வாங்கியிருந்த செல்போனில் வந்த அழைப்பு. என்னை அதற்குள் சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள்; முப்பதாவது மாடியில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள் தம்பி" என்றார். "மொழிபெயர்க்கிற ஆள் வரேல்லை. அடுத்த மாசம் இன்னொருக்கா வரச் சொன்னவங்கள். என்ர மனுசிக்கு ஆஸ்பத்திரிப் பாஷை விளங்காது. பிள்ளைதான் கூட வந்தவள்."

பிள்ளைக்கு அப்போது பத்து வயது நடந்துகொண்டிருந்தது. இவர் நோர்வே பேசினால் அவளுக்குச் சிரிப்பு வருமாம். அகராதியைப் பார்த்துப் படித்த உச்சரிப்பு. அப்பாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது என்றே அவள் முடிவுகட்டிவிட்டாளாம்.

"டொக்டர் நல்ல மனுசன். படத்தைக் காட்டி ஆறுதலாச் சொன்னார். இதயத்தில ஒரு பங்கு தசை செத்துப் போச்சாம். அது திரும்பாதாம். மிச்சப் பங்கும் பழுதாகிக்கொண்டு வருதாம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது தம்பி. மூண்டு வருசம் படிச்சதெல்லாம் வரிசையா வந்து நிண்டது."

"அப்புறம்?"

"டொக்டர் பிள்ளையைப் பாத்து, அப்பாவுக்குச் சொல்லு எண்டார். அவள் அந்தப் படத்தையே பாத்தவள். என்ர முகத்தைப் பாத்தவள், தாயைப் பாத்தவள். பிறகு சொன்னாள், அப்பா, உங்கட ஹார்ட் கொஞ்சம் களைச்சிருக்காம், வடிவாச் சாப்பிட்டுப் படுத்திருந்தாச் சரியாம், பயப்பிட ஒண்டுமில்லையாம் எண்டு."

முப்பதாவது மாடியில் காற்று போனில் அடித்தது. அவர் குரலைப் பிடிக்க நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்பிடியோம்மா, நல்லது எண்டன்."

"எல்லாம் புரிஞ்சதுன்னு சொல்லலையா?"

"இல்லை. மனுசிக்கும் சொல்லேல்லை. உமக்குத்தான் சொல்லுறன்." என்றார். "களைச்சிருக்கு எண்ட அந்தச் சொல்லை அவள் எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடினவள் எண்டு பக்கத்தில இருந்து பாத்தனான். பிழையான சொல்தான். திருத்த எனக்கு மனம் வரேல்லை."